மூன்று தெரு தள்ளிக் கேட்ட வண்டி

மஸ்டாங்கை வாங்கி வந்த மூன்றாம் நாளே கர்ட்டிஸ் அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டான்.

"பத்தலை" என்றான், தொப்பியைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தபடி.

அவன் மனைவி ரோண்டா அடுப்பில் சாஸேஜைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "என்ன பத்தலை? இன்னும் நீ வாயிலயே வைக்கலை, அதுக்குள்ள உப்பு பத்தலையா?"

"சத்தம். வண்டில சத்தம் பத்தலை!"

"அதான் கேக்குதே, ஏன் கத்தறே? எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் ரோண்டாவுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கர்ட்டிஸ் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அல்லது அவன் காதில் விழவேயில்லை.

மிச்சிகன் மாநிலத்துச் சாகினாவில், எஞ்சின் வார்க்கும் வார்ப்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தான் கர்ட்டிஸ். அவனோடு ஓய்வு பெற்றவர்களில் ஒருவன் ஏரிக்குப் படகு வாங்கினான். ஒருவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஃபுளோரிடா போய்விட்டான். கர்ட்டிஸுக்கு வேண்டியது ஒன்றுதான். 1990ஆம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங், ஐந்து லிட்டர் எஞ்சின், கையால் கியர் மாற்றும் வண்டி. பே சிட்டியில் ஒரு விதவையின் கார் ஷெட்டில் அது கிடைத்தது. கருநீலம். அவள் கணவன் பனிக்காலம் முழுக்க அதைப் போர்வை போட்டு மூடியே வைத்திருந்தானாம். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தும் ஒரு பொட்டுத் துரு அகப்படவில்லை.

முன்பு அவனிடம் இருந்ததும் மஸ்டாங்தான், சிவப்பு வண்டி. இருபத்திரண்டு வயதில் வாங்கியது. மகள் கெல்சி வயிற்றில் இருந்தபோது அதை விற்று ஒரு வேன் வாங்கினார்கள். அன்று கர்ட்டிஸ், வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போனதும், ஏதோ சாமான் வாங்கப் போகிறவன்போலத் தெருமுனைவரை நடந்துபோய் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

அந்தச் சிவப்பு வண்டியை ரோண்டா பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

அவள் அப்பா லெனர்ட் நொவிட்ஸ்கியும் அதே வார்ப்பாலையில்தான் இருந்தார். அவர்கள் வார்த்த எஞ்சினெல்லாம் ஃபோர்டின் எதிர்க் கம்பெனிக்குப் போகிறவை. அங்கே வேலை பார்த்துக்கொண்டு ஒருவன் ஃபோர்டு ஓட்டுவது, சொந்த வீட்டில் சமைத்து வைத்திருக்க எதிர்வீட்டில் போய்ச் சாப்பிடுவதுபோல. ஆலை வாசலில் அவனுடைய வண்டிக்கு இடமில்லை. வேலி ஓரமாகக் கடைசியில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். நடந்து வரும்போது நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். லெனர்ட் அந்த நாலு பேரில் ஒருவர். அவருடைய மகளையே கர்ட்டிஸ் கேட்டு வந்து நின்றபோது, அவர் அவனை வேண்டாமென்று சொல்லவில்லை. "பையன் பரவாயில்லை. ஆனா என் தெருவுக்குள்ள அந்த ஃபோர்டு வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கர்ட்டிஸ் மூன்று தெரு தள்ளி, ரொட்டிக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவான். ரோண்டா சமையலறை ஜன்னலருகே பாத்திரம் துடைத்துக்கொண்டிருப்பாள். முதலில் ஒரு மூச்சு கேட்கும். பெரிய விலங்கு ஒன்று காற்றை உள்ளே இழுப்பதுபோல, நெஞ்சிலிருந்து வருகிற சத்தம். அதற்குப் பிறகுதான் எஞ்சினின் உறுமல். பிறகு பட்டென்று அமைதி. அமைதியானதும் அவளுக்கு எட்டு நிமிஷம் இருக்கிறதென்று பொருள். அந்த எட்டு நிமிஷத்தில் ஏப்ரனைக் கழற்றி, தலைவாரி, காலணி மாட்டிக்கொண்டு, எதுவும் தெரியாதவள்போல ஒரு பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கதவு தட்டப்படும். "அட, நீயா?" என்பாள். அவள் எப்போதும் தயாராக இருப்பதைப் பார்த்துக் கர்ட்டிஸ் கல்யாணம்வரை ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தான்.

லெனர்ட் ஒரே ஒரு தடவைதான் அந்த ஃபோர்டில் ஏறினார். ஜனவரி மாதம், அவருடைய வண்டி உறைந்துபோய்க் கிளம்ப மறுத்த காலை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. கர்ட்டிஸை அவரே கூப்பிட்டார். ஆலை நெருங்கியதும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸீட்டில் சரிந்து, கிட்டத்தட்டப் படுத்துவிட்டார். "பின் கேட்டுல இறக்கி விடு. யாராவது கேட்டா நான் நடந்து வந்தேன்" என்றார். இறங்கும்போது டேஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டி, "ஹீட்டர் நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து ஃபோர்டுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. அவருடைய வீட்டில்தான் இப்போது கர்ட்டிஸும் ரோண்டாவும் இருக்கிறார்கள்.

சத்தம் பத்தலை என்று கர்ட்டிஸ் சொன்ன அந்த வாரக் கடைசியில், ரோண்டா ஜன்னலருகே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கர்ட்டிஸ் பெட்ரோல் போடப் போயிருந்தான். திடீரென்று அந்த மூச்சு கேட்டது. அதே மூச்சு. மூன்று தெரு தள்ளி, ரொட்டிக்கடை இருந்த பக்கமிருந்து. அவள் கைக் கத்தி அப்படியே நின்றது. இன்னொரு கை தானாகப் பின்பக்கம் போய் ஏப்ரன் முடிச்சைத் தேடியது. ஐம்பது வயதில் முகம் சூடாவதை உணர்ந்து, "சீ, என்ன இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கர்ட்டிஸ் முழங்கைவரை கறையோடு உள்ளே வந்தான்.

"கர்ட்டிஸ், வண்டில என்ன பண்ணே?"

"பழைய வித்தைதான். வலது பக்க மட்கார்டுக்குள்ள ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கூடு இருக்கும், காத்து போற சத்தத்தை அமுக்கறதுக்கு. அந்தக் காலத்துல வாங்கின வாரமே எல்லாரும் அதைப் பிடுங்கித் தூக்கிப் போட்டுடுவோம். இதுல இன்னும் இருந்துச்சு. பெட்ரோல் போட்ட கையோட நம்ம கில்லோட ஒர்க்‌ஷாப்புக்குப் போய் எடுத்துட்டேன்."

ரோண்டா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எடுத்தும் பிரயோஜனமில்லை. ஊமை மாதிரிதான் ஓடுது. எஞ்சின் செத்துப் போச்சோ என்னவோ."

அவள் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். வண்டியில் ஒரு குறையும் இல்லையென்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குறை எங்கே என்பதும் தெரிந்தது. ஆலையில் காதடைப்பானைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டியவன் அவன். அதை மாட்டினால் பக்கத்தில் நிற்கிறவன் சொல்லும் ஜோக் கேட்காதாம். ஓய்வு பெறும்போது எடுத்த சோதனையில், பாதிக்கு மேல் போய்விட்டது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இரண்டு காது மெஷின்கள் கொடுத்தார்கள். கர்ட்டிஸ் ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "தலைக்குள்ள யாரோ அலுமினியத் தாளைக் கசக்கறாங்க" என்று கழற்றி டிராயரில் போட்டவன் பிறகு அந்த டிராயரையே திறக்கவில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

வண்டியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பது அவனுக்கு ஒரு ஆறுதல் என்று ரோண்டாவுக்குப் பட்டது. அந்த ஆறுதலைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஒரு மாதம் வீடு முழுக்கக் காற்றைப் பற்றிய பேச்சுதான். எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்பக் கம்பெனி வைத்த காற்றுப் பெட்டியைத் தூக்கிவிட்டு வேறு ஏர் இன்டேக் போடப் போகிறேன் என்று கர்ட்டிஸ் கிளம்பினான். குளியலறையில் காட்டலாக், படுக்கையில் காட்டலாக். கம்ப்யூட்டரில் முன்பின் தெரியாதவர்களோடு சண்டை வேறு.

"இங்க பாரு. ஒண்ணு, ஃபில்டரை எஞ்சின் பக்கத்துலயே திறந்த மாதிரி வைக்கறது. சத்தம் அள்ளும். ஆனா எஞ்சின் சூட்டுக் காத்தையே உறிஞ்சும். இன்னொண்ணு, நீளக் குழாய். மட்கார்டுக்குள்ள இறங்கி வெளியில இருக்கற குளிர்ந்த காத்தை இழுக்கும். அதுதான் அசல் விஷயம்."

"குளிர்ந்த காத்துல என்ன இருக்கு?"

"குளிர்ந்த காத்து அடர்த்தி. ஒரு மூச்சுல அதிகம் உள்ள போகும். எஞ்சின் நல்லா எரியும்."

"மிச்சிகன் குளிர்ல உட்கார்ந்துகிட்டுக் குளிர்ந்த காத்தைக் கடையில வாங்கறவன் நீ ஒருத்தனாத்தான் இருப்பே."

"என்னது?"

"ஒண்ணுமில்லை. படி."

காட்டலாக்கைப் பார்த்துச் சத்தத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதென்று கடைசியில் அவனுக்கே தெரிந்தது. அவன் சிநேகிதன் கில் ஒரு வழி சொன்னான். இருவரும் பள்ளிக்கூட நாள்முதல் ஒன்றாக எஞ்சின் பிரித்தவர்கள். கில் இப்போது ஊருக்கு வெளியே சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அவனுடைய சொந்த மஸ்டாங்கில் நீளக் குழாய். அவனிடம் வண்டியை ரிப்பேருக்கு விடும் டானியா என்ற நர்ஸின் மஸ்டாங்கில் திறந்த ஃபில்டர். சனிக்கிழமை காலை இரண்டையும் வரவழைக்கிறேன், உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துக்கொள் என்றான்.

"நீயும் வரணும்" என்றான் கர்ட்டிஸ் ரோண்டாவிடம். "நீதான் சொல்லணும்."

"நான் என்னத்தைச் சொல்றது? தபால் ஆபீஸ்ல ஸ்டாம்ப் விக்கறவகிட்ட எஞ்சின் கேக்கறே."

"வெளியிலிருந்து கேட்டவ நீதானே? நான் எப்பவும் உள்ள இருந்தவன். பழைய வண்டி மாதிரி எது இருக்குன்னு நீ சொன்னாத்தான் உண்டு."

சனிக்கிழமை மே மாதத்து வெயில் இதமாக இருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் காகிதக் கோப்பையில் காபியோடு ரோண்டா நின்றாள். முதலில் கில் ஓட்ட, கர்ட்டிஸ் பக்கத்தில் ஏறிக்கொண்டு போனான். நெடுஞ்சாலைவரை போய்த் திரும்பி வந்தார்கள். நல்ல சத்தம். கனமான, கம்பளியில் சுற்றிய மாதிரியான சத்தம். பழையதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் அது இல்லை. கர்ட்டிஸ் இறங்கினான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். முன்பொரு தடவை ஆஸ்பத்திரியில் கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டும் அவன் இதே குரலில்தான் அப்படிச் சொன்னான்.

அடுத்தது டானியாவின் வண்டி. அவள் நைட் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தாள். "கர்ட்டிஸ், பெல்ட் போடுங்க. நான் மெதுவா ஓட்ட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே கிளப்பினாள்.

அந்தச் சத்தம் ரோண்டாவுக்குப் பல்லைக் கூசவைத்தது. வாக்வம் கிளீனர் ஒரு காலுறையை விழுங்கிவிட்டுத் திணறுவதுபோல இருந்தது. எதிர்ப் பண்ணையில் நாய் எழுந்து குரைத்தது. இது இல்லவே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வண்டி திரும்பி வந்து நின்றது. கர்ட்டிஸ் உடனே இறங்கவில்லை. கண்ணாடி வழியாக அவன் முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கையை டேஷ்போர்டின்மேல் விரித்து வைத்திருந்தான். டானியா இன்னொரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை ரோண்டா பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. சிவப்பு வண்டியில் முதன்முதலாக அவளை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டியபோது, இருபத்திமூன்று வயதில் அவன் சிரித்த சிரிப்பு.

அவன் இறங்கி நேராக அவளிடம் வந்தான். தன் ஆசையைக் காட்டிவிட்டால் அவள் அதையே சொல்லிவிடுவாளோ என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டான். பாவம், அது முடியவில்லை.

"சொல்லு. எது?"

"ரெண்டாவது" என்றாள் ரோண்டா.

"நிஜமாவா?"

"அச்சு அசல் அதேதான்."

"பார்த்தியா! எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நீ சொல்லட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!" அவன் டானியாவிடம் ஓடி, அந்த ஃபில்டர் எந்த மாடல், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் என்ன அளவு என்று கேட்கத் தொடங்கினான்.

கில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே ரோண்டா பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் தாழ்த்தினான்.

"ரோண்டா, காலையில அவன் வண்டி உள்ள வந்துச்சு பாரு, எனக்கு மறுபடியும் புல்லரிச்சுப் போச்சு. எண்பத்தொன்பதுல எங்க அப்பா ஷெட்ல நானும் அவனும் அந்தக் கூட்டைப் பிடுங்கிட்டு முதல்ல கிளப்பினப்ப வந்த அதே சத்தம். நீ கவனிக்கலையா?"

"கவனிச்சேன்."

"பின்ன? இருக்கறதையும் கழட்டிப் போட்டுட்டு அந்த ஊளைச் சத்தத்தை ஏன் வாங்கறே?"

"அவனுக்குக் கேக்கலையே, கில்."

கில் துணியை மடித்துப் பின்பையில் செருகினான். பிறகு கர்ட்டிஸ் பக்கம் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்: "டேய், வாங்கறது வாங்கு! சூட்டுக் காத்தைக் குடிக்காம இருக்க நான் ஒரு தகரத் தடுப்பு வெச்சுத் தர்றேன். பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதே, உன் ஷெட்லயே வை!"

அந்தக் கோடை நன்றாகப் போனது. அதை ரோண்டா எப்போதும் ஒத்துக்கொள்வாள். கர்ட்டிஸ் கதவைத் திறந்து அவளை ஏற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் போவான், ஐஸ்கிரீம் கடைக்குப் போவான், காரணமில்லாமல் ஊரைச் சுற்றுவான். வண்டி சத்தம் போட்டதும் அவனுக்கு வாய் திறந்துவிடும். ஆலையில் நடந்தவை, அவன் அண்ணனோடு போட்ட சண்டை, ரொட்டிக்கடையிலிருந்து நடந்து வரும்போது ஒவ்வொரு தடவையும் லெனர்டிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்து வாசலில் மறந்துவிட்டது என்று இதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள். காதுதான் இரைந்தது.

அவன் தனியாகப் போய்விட்டு வரும்போது மட்டும், சமையலறையில் அவள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்வாள்.

ஆகஸ்டில் டென்வரிலிருந்து கெல்சி போன் செய்தாள். கர்ட்டிஸ்தான் எடுத்தான். வழக்கம்போல, "ஆமாம்மா, சரிம்மா, ரொம்ப சந்தோஷம்மா" என்றான். அந்தப் பக்கம் மௌனம். பிறகு அழுகை. அந்த அழுகைகூட அவனுக்குக் கேட்கவில்லை. ரோண்டா போனை வாங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. கெல்சிக்கு வேலை போய்விட்டது. அதை அப்பாவிடம் சொல்லத்தான் போன் செய்திருக்கிறாள்.

ரோண்டா அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். ஏசவில்லை. கர்ட்டிஸ் எழுந்து போய் டிராயரைத் திறந்து, இரண்டு மெஷின்களையும் மாட்டிக்கொண்டு வந்து, போனை எடுத்தான். "கெல்சி, அப்பா பேசறேன். இப்பக் கேக்குது. முதல்லேருந்து சொல்லு" என்றான். அன்றிலிருந்து தினமும் மாட்டிக்கொண்டான். முனகிக்கொண்டேதான் மாட்டினான், ஆனாலும் மாட்டினான்.

செப்டம்பரில் ஒரு நாள் ஃபில்டரைக் கழுவ வேண்டியிருந்தது. அது துணி ஃபில்டர். சோப்பு நீரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்து, எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். கர்ட்டிஸ் அதைப் பின்கட்டுக் கொடியில், தன் சட்டைக்கும் ரோண்டாவின் தபால் ஆபீஸ் கோட்டுக்கும் நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். மத்தியானம் ஆணி வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. ஷெட்டிலிருந்த பழைய காற்றுப் பெட்டியைத் தற்காலிகமாக மாட்டிக்கொண்டு போனான். ரோண்டாவுக்கு அது தெரியாது.

அவள் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ரேடியோ வைக்க மறந்திருந்தாள். மூன்று தெரு தள்ளி அந்த மூச்சு கேட்டது.

ஒன்றும் யோசிக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள், ஈரக் கையாலேயே திரையை ஒதுக்கினாள், கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றாள். நீல வண்டி தெருவில் திரும்பியது. வீட்டுக்குள் நுழையாமல் தெருவிலேயே நின்றுவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கர்ட்டிஸ் உள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரையை விட்டாள். கொஞ்சம் தாமதமாகத்தான் விட்டாள்.

அவன் உள்ளே வந்து ஆணிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தான்.

"ரோண்டா."

"ஆப்பிள் பை பண்றேன். மாவைத் தொடாதே."

"இந்தக் கோடை முழுக்க நான் வெளியில போய்ட்டு வந்தப்ப ஒரு தடவைகூட நீ ஜன்னல்ல வந்து நிக்கலை."

"வேலை இருந்துருக்கும்."

"இன்னைக்கும்தான் வேலை இருக்கு. பழைய பெட்டியை மாட்டிட்டு வந்ததும் வந்து நின்னே." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "கில் கடையில பொய் சொன்னே, இல்லையா?"

அவள் ஆப்பிளைச் சீவி முடித்தாள். தோல் ஒரே சுருளாக விழுந்தது. "ஆமா" என்றாள்.

"எதுக்கு?"

"நீ உன் மூஞ்சியைப் பார்க்கலை, கர்ட்டிஸ். அந்த நர்ஸ் வண்டியில உட்கார்ந்துருந்தியே, அப்ப. நான் பார்த்தேன்."

அவன் காது மெஷினை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப வண்டி முதல்லேருந்தே சரியாத்தான் இருந்துச்சா?"

"முதல் வாரத்துலேருந்தே."

"நான்தான்..."

"நீதான். சரி, இப்ப என்ன? அழாதே, மாவு நனைஞ்சுடும்."

"யாரு அழறா? ஆப்பிள் வாசனை." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு சாவியை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். "நீ போய் ஒரு ரவுண்டு வா. நான் இங்க நிக்கறேன்."

"நானா? கிளட்ச் வண்டி ஓட்டி இருபது வருஷமாச்சு!"

"மறக்காது. ரொட்டிக்கடைப் பக்கமா வா. நீ கேட்டது என்னன்னு நானும் ஒரு தடவை கேக்கணும்."

ரோண்டா ஏப்ரனோடு போனாள். வாசலிலேயே இரண்டு தடவை வண்டி குதித்து நின்றது. எதிர்வீட்டுக்காரன் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். மூன்றாம் தடவை கிளம்பியது. ரொட்டிக்கடை இருந்த இடத்தில் இப்போது நகம் அலங்கரிக்கும் கடை. அதைச் சுற்றித் திரும்பி, இரண்டாம் கியரில் ஓங்கி மிதித்தாள். உள்ளேயிருந்து கேட்டால் அது வேறு மாதிரி இருந்தது. மூச்சே கேட்கவில்லை. வெறும் உறுமலும், உள்ளங்காலில் ஒரு நடுக்கமும்தான். இத்தனை வருஷமாக இருவரும் ஒரே சத்தத்தை நினைத்துக்கொண்டிருப்பதாக அவள் எண்ணியிருந்தாள். அவன் நினைத்தது வேறொன்று. அவளுக்கு அது இன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது கர்ட்டிஸ் ஜன்னலில் நின்றிருந்தான். திரையைச் சரியாக ஒதுக்கத் தெரியாமல் தலைமேல் முக்காடுபோலப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கேட்டுச்சா?" என்றாள் உள்ளே வந்து.

"மெஷின்ல கேட்டா பழைய ரேடியோ மாதிரி இருக்கு. கரகரன்னு." கொஞ்சம் யோசித்தான். "ஆனா முதல்ல ஒரு மூச்சு இழுக்குதே..."

"அதேதான்."

"அது கேட்டுச்சு, ரோண்டா. என் வண்டி அப்படி மூச்சு விடும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

பை அடுப்பில் வேகும்வரை இருவரும் எதை மாட்டுவதென்று சண்டை போட்டார்கள். அவளுக்காகப் பழைய பெட்டியே இருக்கட்டும் என்றான் அவன். உள்ளே உட்கார்ந்து செவிடனாட்டம் ஓட்டுவதற்கா இத்தனை பாடு என்றாள் அவள். கடைசியில் ரோண்டாதான் தீர்த்துவைத்தாள்.

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு கிளாம்ப். திருப்புளி இருந்தா பத்து நிமிஷம்."

"அப்பப் பேச்சு முடிஞ்சுது. நீ தனியாப் போனா என் பெட்டியை மாட்டிட்டுப் போ. திரும்பி வர்றது எனக்குக் கேக்கணும். நாம ரெண்டு பேரும் போனா உன் திறந்த ஃபில்டரை மாட்டு. உள்ள உட்கார்ந்தா நான் சத்தத்தையா கேக்கப் போறேன்?"

"வேற என்ன பண்ணுவே?"

"உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு வருவேன். போ, போய்க் கையைக் கழுவு."

அப்படித்தான் நடந்தது. பனிக்காலம் முழுக்க வண்டி போர்வைக்குள் இருந்தது. ஏப்ரலில், பனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டிய உப்பெல்லாம் மழையில் கரைந்த பிறகு வெளியே வந்தது. எதிர்வீட்டுக்காரன், "என்ன கர்ட்டிஸ், ஃபோர்டு வாங்கினா தினமும் பானெட்டைத் திறந்துகிட்டே நிக்கணும்போல" என்று கேலி செய்தான். கர்ட்டிஸ் பாட்டுக்குக் கிளாம்பை இறுக்கிக்கொண்டிருந்தான். கில் அதைக் கேள்விப்பட்டு, திருப்புளி தேடுகிற வேலை வேண்டாமென்று கையால் திருகுகிற மாதிரி இரண்டு கிளாம்ப் செய்து கொடுத்தான்.

ஜூனில் கெல்சி வந்தாள். புது வேலை கிடைத்து, சேர்வதற்கு முன் பத்து நாள் தங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஏரிக்குப் புறப்பட்டார்கள். பின்ஸீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்த கெல்சி, வண்டி கிளம்பிய உடனே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! இதை எப்படித் தாங்கறே? காசு கொடுத்தா இதை வாங்கினீங்க?"

"நான்தான் செலக்ட் பண்ணேன்" என்றாள் ரோண்டா, ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டே.